பரிமள் பாபு கண்ணால் பார்த்தது

தாஜ்மஹாலைப் பற்றி பரிமள் சமாத்தார் பேசி நீங்கள் கேட்டிருக்க வேண்டும். விடிகாலையில் அது பால் நிறம், உச்சிவெயிலில் கண் கூசும் வெள்ளை, சாயங்காலமானால் லேசாக வெட்கப்பட்ட மாதிரி ரோஜா நிறம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். கேட்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் மனிதர் தாஜ்மஹாலின் வாசலைத் தாண்டி உள்ளே போனவரே இல்லை.

இந்த ரகசியம் அவர் கூட்டிப்போன ஒரு டூரில், கோனார்க்கில் எனக்குத் தெரிய வந்தது. கால் வீங்கிப்போய் நான் பஸ்ஸிலேயே உட்கார்ந்துவிட்டேன். மற்ற எல்லாரும் கோயிலைப் பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் பஸ்ஸின் நிழலில் குந்திக்கொண்டு, ஒரு கூடை வாழைப்பழத்தில் அழுகினதைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க உள்ள போகலையா?"

"நான் போனா சாப்பாட்டை யாரு பாக்கறது தீதி? திரும்பி வந்த உடனே இலை போட்டிருக்கணும். கொஞ்சம் லேட்டானா என் தோலை உரிச்சுத் தொங்க விட்டுடுவீங்க."

"அதான் முன்னாடியே பாத்திருப்பீங்களே."

"இல்ல."

"வரும்போது தேர்ச் சக்கரத்தைப் பத்தி அவ்வளவு அளந்தீங்க. நிழலை வெச்சு மணி சொல்லலாம்னு எல்லாம்."

"அது போன வருஷம் வந்த டிராயிங் டீச்சர் சொன்னது. அதுக்கு முந்தி ஒரு எஞ்சினியர் வந்தாரு, கல்லை எப்படித் தூக்கினாங்கன்னு அவர் சொன்னாரு. பாத்துட்டு வர்றவங்க சொல்றதைக் காதுல போட்டு வெச்சுக்குவேன். அடுத்த பேட்சுக்கு எடுத்து விடுவேன்." ஒரு பழத்தை உரித்து என்னிடம் நீட்டினார். "சாப்பிடுங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

நான் கல்கத்தா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வாழ்நாள் முழுக்க ஆபரேட்டராக இருந்தவள். எத்தனை கல்யாணம் என் காது வழியாக நிச்சயமானது, எத்தனை சாவு என் காது வழியாக ஊருக்குப் போனது. ஒரு பந்தியிலும் நான் உட்கார்ந்ததில்லை. அதனால் அந்த ஆளை அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போயிற்று. அதே அளவு எரிச்சலும் வந்தது.

அவருடைய டூர் கம்பெனி கல்கத்தாவின் ஷியாம்பஜாரில் ஒரு சந்துக்குள் இருந்தது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் காளி படம், அவ்வளவுதான். ஆனால் பூஜை விடுமுறை வந்துவிட்டால் எங்கள் வங்காளிகளுக்கு வீட்டில் கால் தங்காது. ரயில்வேயிடம் ஒரு முழுப் பெட்டியை வாடகைக்கு எடுப்பார். படுக்கை, சண்டை, சீட்டாட்டம் எல்லாம் அதற்குள்தான். அதை இந்த ரயிலில் மாட்டி, அந்த ஊரில் கழற்றி விட்டு, மறுபடி வேறு ரயிலில் மாட்டி, ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போவார்கள். கூடவே நட்டவர் என்ற ஒடியா சமையல்காரரும் ஸ்டவ்களும் ஒரு மூட்டை கோவிந்தபோக் அரிசியும் வரும். பாலைவனத்தின் நடுவில் நின்றாலும் மீன்குழம்பு இல்லாவிட்டால் எங்களுக்குப் பயணம் செய்த மாதிரியே இருக்காது.

தொண்ணூற்றைந்தில் அவர் அச்சடித்த நோட்டீஸில், "ராஜஸ்தான் பாலைவனமும் முழுச் சூரிய கிரகணமும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். எண்பதில் கிரகணம் வந்தபோது கல்கத்தாவே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எக்ஸ்சேஞ்சில் ஜன்னலுக்கெல்லாம் பேப்பர் ஒட்டிவிட்டார்கள். இந்த முறை ஏமாறக் கூடாது என்று இருந்தேன்.

ஹௌரா பிளாட்பாரத்தில் மூட்டைகளெல்லாம் ஏறிய பிறகு பரிமள் பாபு ஒரு டிரங்குப் பெட்டி மேல் ஏறி நின்றார். ஒல்லியான உடம்பு, தோளில் துண்டு, அக்டோபர் வெயிலிலும் தலையில் குரங்குக் குல்லா.

"ஒரு விஷயம் இப்பவே சொல்லிடறேன். பத்து நாளும் நான் உங்க வேலைக்காரன். வெந்நீர் கேளுங்க, வயித்து மாத்திரை கேளுங்க, பக்கத்து பெர்த்காரர் குறட்டையைப் பத்திப் புகார் சொல்லுங்க. ஆனா சூரியன் முழுசா மறையற அந்த ஒரு நிமிஷம் நான் மேனேஜர் இல்ல. தண்ணி கேட்டா தரமாட்டேன். மயக்கம் போட்டு விழறவங்க, அது முடிஞ்சதும் விழுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ரயில் கிளம்பியதும் என் பெர்த் பக்கம் வந்து நின்று, தணிந்த குரலில் சொன்னார்: "கோட்டை, கோயில் எல்லாம் அங்கயேதான் தீதி இருக்கும். இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குன்னு சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷம் போச்சு. இது அப்படி இல்ல. அடுத்த பேட்ச் கிடையாது. இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? இதை மட்டும் நான் பாத்தே ஆகணும்."

அவ்வளவு ஆசையாக வளர்ந்த ஒரு மனிதர் பேசிக் கேட்டு ரொம்ப நாளாயிற்று. "பாப்பீங்க, நான் இருக்கேன்" என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ.

பர்துவான் தாண்டுவதற்குள் எங்கள் பெட்டி இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. ஒரு பக்கம் துர்ஜட்டி பாபு. கல்லூரியில் பௌதிகம் சொல்லிக் கொடுப்பவர், எங்கள் பேட்டை விஞ்ஞானக் கழகத்தின் செயலாளர். கூட்டமே இல்லாவிட்டாலும் மேடையில் நிற்கிற மாதிரிதான் பேசுவார். இன்னொரு பக்கம் அகில் பாபு. வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு பாட்டில் கங்கை ஜலம், ஒரு பொட்டலம் துளசியோடு வந்திருந்தார். அவருக்கு ஜெய்சல்மேர் கோட்டை வேண்டும், கிரகணம் வேண்டாம். இரண்டையும் தனித்தனியாக விற்க மாட்டேன் என்று பரிமள் பாபு சொல்லிவிட்டாராம்.

துர்ஜட்டி பாபு பேப்பரை விரித்துக்கொண்டு ஒரு குண்டைப் போட்டார். "கிரகணப் பாதையில டயமண்ட் ஹார்பரும் இருக்கு, பாத்தீங்களா? நம்ம சியால்டா ஸ்டேஷன்ல லோக்கல் ரயில் ஏறினா, வேர்க்கடலை தின்னு முடிக்கறதுக்குள்ள இறங்கிடலாம். நாம ஆயிரம் மைல் தள்ளிப் போயிட்டிருக்கோம்."

பெட்டி முழுக்க ஒரே கூச்சல். பரிமள் பாபு அசரவில்லை. "டயமண்ட் ஹார்பர்ல கடல் காத்து. எப்ப மேகம் வரும்னு யாருக்குத் தெரியும்? பாலைவனத்துல மேகத்துக்கு என்ன வேலை? அப்புறம், வீட்டுப் பக்கத்துல நடக்கறதைப் போய்ப் பாக்கற வங்காளி எவனாவது உண்டா?"

டெல்லியில் சின்ன ரயில்பாதைப் பெட்டிக்கு மாறிக்கொண்டு பிக்கானேர், ஜெய்சல்மேர், ஜோத்பூர் என்று சுற்றினோம். பரிமள் பாபு வழக்கம்போல ஒன்றையும் பார்க்கவில்லை. நாங்கள் கோட்டை ஏறியபோது அவர் மீன் தேடி அலைந்தார். நாங்கள் ஒட்டகம் ஏறியபோது அவர் ஒட்டகக்காரனோடு மல்லுக்கட்டினார். ஜெய்சல்மேரில், ஓரத் தண்டவாளத்தில் நின்ற பெட்டிக்கு வெளியே மத்தியானச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருக்கும்போது மேற்கே பழுப்பாக ஒரு சுவர் எழுந்தது. என்ன ஏது என்று பார்ப்பதற்குள் புழுதிக் காற்று வந்து மொத்தமும் மண். கிச்சடியைக் கடித்தால் பல்லில் நறநற என்றது. அன்றைக்கு அவர் பட்ட அவமானம் சொல்லி முடியாது. அதிலிருந்து எங்கே பெட்டி நின்றாலும் முதலில் மேற்கே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தைத் திறக்க விடுவார்.

இதற்கு நடுவில் தினமும் காலையில் கிரகணப் பாடம் நடத்தினார். துர்ஜட்டி பாபு சொல்லிக் கொடுத்ததை ஒப்பிப்பார். "கறுப்புக் கண்ணாடி இல்லாம யாராவது தலையைத் தூக்கினீங்கன்னா கண்ணு அவிஞ்சு போயிடும். கண்ணாடி இல்லையா, தரையைப் பாருங்க. என்ன சொன்னேன்?" "தரையைப் பாக்கணும்" என்று நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு அட்டைக் கண்ணாடி கொடுத்தார். தனக்கு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டு, ஊக்கு வேறு குத்திக்கொண்டார்.

கிரகணத்துக்கு முந்தின நாள் காளி பூஜை. கேரூசர் என்கிற சின்ன ஸ்டேஷனில் எங்கள் பெட்டியைக் கழற்றி, ஓரமாகக் கிடந்த தண்டவாளத்தில் விட்டுவிட்டு ரயில் போயிற்று. பிளாட்பாரம்கூட அந்தப் பக்கம் கிடையாது. சுற்றிலும் மணல், அறுவடை முடிந்த கம்பங்கொல்லை, அங்கங்கே வன்னி மரம். சாயங்காலம் வாசல் படியில் அகல் ஏற்றி வைத்தோம். அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் துர்ஜட்டி பாபு எங்கள் மைதா பூரியான லூச்சியை வைத்துச் சவால் விட்டார்.

"நாளைக்கு சூரியன் முழுசா மறையறப்ப நான் சுடச்சுட லூச்சி சாப்பிடப் போறேன். கிரகணத்துல சாப்பிட்டா விஷம்னு சொல்றவங்க எல்லாம் பாக்கட்டும்."

"தாராளமா சாப்பிடுங்க" என்றார் அகில் பாபு. "வயித்து வலின்னு ராத்திரி என் கதவைத் தட்டாதீங்க. ஷட்டரை இறக்கிட்டு நான் உள்ள ஜபம் பண்ணிட்டு இருப்பேன்."

நட்டவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "கிரகணம் பிடிச்ச பிறகு நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன் பாபு. சொல்லிட்டேன். முடிஞ்சதும் குளிச்சுட்டுத்தான் கை வைப்பேன்."

பரிமள் பாபு இரண்டு பக்கமும் சமாதானம் பேசினார். பிடிப்பதற்கு முன்னாலேயே லூச்சி பொரித்துவிடுவது, துளசி போட்டு மூடி வைப்பது, துர்ஜட்டி பாபு அதை எடுத்துக்கொள்வது. சூடு கொஞ்சம் ஆறிப்போகும், விஞ்ஞானம் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பானது.

மறுநாள் காலை குளிர் எலும்பைத் தொட்டது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. அதைப் பார்த்ததுமே பாதிப் பேர் கை தட்டினார்கள். பெட்டிக்குக் கிழக்கே இருந்த மணல் மேட்டில் ஹோல்டால், போர்வை, மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் பரப்பிச் சூரியனைப் பார்த்து உட்கார்ந்தோம். ஸ்டேஷன் மாஸ்டர் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டுக் குடும்பத்தோடு உள்ளே போய்விட்டார். ஊரில் ஒரு கதவு திறந்திருக்கவில்லை. பரிமள் பாபு முதல் வரிசையில், என் பக்கத்தில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

"கடிச்சிடுச்சு, கடிச்சிடுச்சு" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். சூரியனின் ஓரத்தில் எலி கடித்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம். பரிமள் பாபு என் கையைப் பிடித்து அழுத்தினார். அது பெரிதாகிக்கொண்டே போயிற்று. வெயில் இருந்தது, சூடு மட்டும் எங்கேயோ போய்விட்டது. வன்னி மரத்தடியில் மணல் முழுக்கச் சின்னச் சின்னப் பிறைகள் விழுந்து கிடந்தன. துர்ஜட்டி பாபு அதைக் காட்டிக் காட்டிக் குதித்தார், பிரசங்கம் பண்ணவே மறந்துவிட்டார். மயில்கள் நேரம் கெட்ட நேரத்தில் கத்தின. ஒரு ஆட்டு மந்தை தானாகவே ஊர்ப்பக்கம் திரும்பி நடந்தது. இந்த வயதில் இப்படி ஒரு ஆனந்தம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

சூரியன் நகத்துண்டு அளவுக்குத் தேய்ந்தபோது பின்னால் பெட்டியிலிருந்து குரல் வந்தது.

"மேனேஜர் பாபு. மேனேஜர் பாபு."

அகில் பாபு. பரிமள் பாபு விருட்டென்று எழுந்துவிட்டார்.

"உக்காருங்க" என்றேன். "இப்ப நீங்க மேனேஜர் இல்ல."

"என்னன்னு கேட்டுட்டு வந்துடறேன் தீதி."

"முடிஞ்சதும் கேக்கலாம். ஹௌரால நீங்கதானே சொன்னீங்க."

"அவர் குரல் ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினார். எனக்கு வந்த கோபத்தில் அகில் பாபுவையும் அவர் கங்கை ஜலத்தையும் கண்டபடி திட்டினேன்.

பிறகுதான் தெரிந்தது. ஷட்டர் இடுக்கு வழியாக அந்த விபரீத வெளிச்சம் உள்ளே விழுந்ததும், அகில் பாபுவால் ஜபத்தில் மனசை நிறுத்த முடியவில்லை. வெளியே எங்கள் கூச்சல் வேறு. பார்க்கவேண்டும் என்று வந்துவிட்டது. கதவைத் திறந்தால் பிளாட்பாரம் இல்லை, படி உயரம், முட்டி வலி. இறங்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாராம்.

பரிமள் பாபு அவரை இறக்கி, தோளில் கை போட்டு, மணலில் இழுத்துக்கொண்டு வந்தார். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. எங்கள் நிழல்கள் கத்தியால் வெட்டின மாதிரி இருந்தன. தன்னுடைய நாற்காலியிலேயே அகில் பாபுவை உட்கார வைத்தார். "கண்ணாடி, கண்ணாடி இல்லையே எனக்கு" என்று அகில் பாபு குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தார். தனக்குக் கொடுத்ததை அவர் ஜோத்பூரிலேயே தூக்கி எறிந்துவிட்டார். பரிமள் பாபு சட்டைப் பை ஊக்கைக் கழற்றினார். தன் கண்ணாடியை எடுத்து அவர் காதில் மாட்டிவிட்டு, எங்கள் எதிரே, சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார். கண்ணாடி இல்லை அல்லவா, தலை தரையைப் பார்த்துக் குனிந்திருந்தது.

அப்புறம் ஒரு தடவை நிமிர்ந்து எங்கள் தலைக்கு மேலே, மேற்கே பார்த்தார். அந்த முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். மேற்கு வானம் அடியோடு கறுத்து, அந்தக் கறுப்பு மணல் மேல் எங்களைப் பார்த்து ஓடி வந்துகொண்டிருந்தது. நாங்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்.

"புழுதிக் காத்து. நட்டவர், லூச்சியை மூடு. எல்லாத்தையும் மூடு."

அவர் சொல்லி வாயை மூடுவதற்குள் அது எங்கள் மேல் வந்து விழுந்துவிட்டது. சத்தம் இல்லாமல் இருட்டிற்று. காற்றும் இல்லை, மண்ணும் இல்லை, வந்தது நிலாவின் நிழல். துர்ஜட்டி பாபு தொண்டை கிழியக் கத்தினார்: "கண்ணாடியைக் கழட்டுங்க. இப்ப வெறுங்கண்ணால பாக்கலாம். கழட்டுங்க."

நான் கழற்றிவிட்டு நிமிர்ந்தேன். சூரியன் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம். சுற்றிலும் வெள்ளையாக, நனைந்த பட்டு மாதிரி ஏதோ ஒன்று பரவி நின்றது. பக்கத்தில் ஒரு நட்சத்திரம். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மூச்சு இழுத்திருப்பேன், அதற்குள் அந்த ஆள் ஞாபகம் வந்தது.

இன்னும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகு சூரியனுக்கு, கண் எங்கள் மேல். கோட்டை, கோயில், கடல் எல்லாவற்றுக்கும் காட்டிய அதே முதுகு. "எல்லாரும் இருக்கீங்களா? இருட்டுல யாரும் எழுந்திரிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெறுங்கண்ணால் பார்க்கலாம் என்ற வார்த்தை அவர் காதில் விழவே இல்லை. தினமும் காலையில் எங்களுக்கு ஓதின பாடம் அவர் கழுத்தைப் பிடித்து அமுக்கி வைத்திருந்தது.

நான் எழுந்து ஓடினேன். வீங்கின காலாவது ஒன்றாவது. அவர் தோளைப் பிடித்துத் திருப்பி, தாடையைப் பிடித்து மேலே தூக்கினேன்.

"பாருங்க. இப்ப பாக்கலாம். பாருங்க பரிமள் பாபு."

"கண்ணாடி..."

"வேண்டாம். பாருங்கன்னா."

பார்த்தார்.

நான் சூரியனைப் பார்க்கவில்லை. பிடித்த தாடையை விடவே தோன்றாமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் திறந்திருந்தது. இமைக்கவில்லை. அந்த வெள்ளை வெளிச்சம் அவர் கண் இரண்டிலும் இருந்தது. திடீரென்று முகத்தின் ஒரு பக்கம் பளீரென்று வெளுத்தது. "கண்ணை மூடுங்க, முடிஞ்சு போச்சு" என்று துர்ஜட்டி பாபு கத்த, நானே கையால் அவர் கண்ணைப் பொத்தினேன். உள்ளங்கை நனைந்தது.

மேடு முழுக்க ஒரே ஆரவாரம். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அகில் பாபு எழுந்து நின்று கும்பிட்டுக்கொண்டே சிரித்தார். துர்ஜட்டி பாபு கையில் லூச்சி இருந்தது, கடி படாமல். அகில் பாபுதான் முதலில் கவனித்தார்.

"என்ன புரொபசர், சாப்பிடலையா?"

துர்ஜட்டி பாபு கையைப் பார்த்தார். "மறந்தே போச்சு" என்றார். அந்த லூச்சியை இரண்டாகப் பிய்த்துப் பாதியை நீட்டினார். மறைப்பு இன்னும் விலகி முடியவில்லை, அகில் பாபு ஒரு கணம் தயங்கிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். நட்டவர் இதைப் பார்க்கச் சகிக்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டார்.

மத்தியான ரயில் வந்து எங்கள் பெட்டியை மாட்டிக்கொண்டது. பரிமள் பாபு டீ கொடுத்தார், மூட்டை எண்ணினார், குறட்டைப் புகாரைக் கேட்டுக்கொண்டார். எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். களைப்பு என்று நினைத்தேன்.

அடுத்த குளிர்காலத்தில் ஆக்ரா டூருக்கும் நான் போனேன். ஆக்ராவுக்கு முன்னால் வரும் டுண்ட்லாவை நெருங்கும்போது தாஜ்மஹால் பிரசங்கம் அதே பால் நிறம், அதே ரோஜா நிறத்தோடு அமோகமாக நடந்தது. முடிந்ததும் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் கேட்டாள்: "நீங்க போன வருஷம் முழுக் கிரகணம் பாத்தீங்களாமே. எப்படி இருந்துச்சு, சொல்லுங்களேன்."

பரிமள் பாபு கையைத் தூக்கினார். வாயைத் திறந்தார். அவ்வளவு பேசுகிற மனிதருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. தூக்கின கையால் என்னைக் காட்டினார்.

"ரேபா தீதிகிட்ட கேளுங்க. அவங்க சொல்வாங்க."

நானும் சொன்னேன். இன்றைக்கும் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். ஒரு மூச்சு நேரம் சூரியனையும், மீதி நேரம் பரிமள் பாபுவையும் பார்த்தேன், அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வரும். கறுப்பு வட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, தான் அங்கே இல்லாத மாதிரி வாயைப் பிளந்து கேட்பார். அந்த முகத்தைப் பற்றி நான் ஆரம்பித்தால் மட்டும், நட்டவர் டீ போட்டாயிற்றா என்று பார்க்க எழுந்து போய்விடுவார்.